சிவப்பு ரெண்டு

"கேட்டா"ங்கிற எடத்துல, பாட்டு நடுவுல, அக்கா குரல் உடைஞ்சிருச்சு. உடைஞ்சிருச்சுன்னு சொல்றதுகூட சரியில்ல, உடைஞ்சா ஒரு சத்தமாவது வரும், இது குரல் இருந்த எடத்துல வெறும் காத்து வந்துச்சு, ஈரத்துணிய உதறுற மாதிரி ஒரு காத்து, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, அக்கா வாயத் தெறந்தபடி நிக்குறா, ஸ்கிரீன்ல அந்தப் பச்சைக் கோடு மட்டும் அது பாட்டுக்கு நகந்துக்கிட்டே போகுது, ரெக்கார்டிங் ஓடுது, என் ரெண்டு கையும் வாசிக்கிற கீபோர்டு மேல அப்படியே இருக்கு, விரல எடுக்கல, எடுத்தா ரூம்ல சத்தமே இல்லாமப் போயிரும், சத்தமே இல்லைன்னா யாராவது ஏதாவது பேசணும், பேச எனக்கு பயம். அக்காதான் முதல்ல அசைஞ்சா. ஹெட்போனக் கழட்டுனா, தோட்டுல மாட்டிக்கிச்சு, நிதானமா எடுத்துவிட்டு மேசை மேல வச்சா, "போச்சுடி அமுது"ன்னா. அழுகையெல்லாம் இல்ல. பஸ் போச்சுடிங்கிற மாதிரி. "இன்னொரு தடவ எடுப்போம்க்கா, எடுத்ததும் உச்சத்துக்குப் போனேல்ல, தொண்ட பழகியிருக்காது"ன்னு நான் என்னமோ உளற ஆரம்பிச்சேன், அதுக்குள்ள "முருங்கக்கா வெட்டணும், அம்மா வந்தா வையும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் உக்காந்து இதை டைப் பண்றேன். ஏன் பண்றேன்னு தெரியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

இருங்க, ஒரு கஸ்டமர். வீட்ல இருந்தே பாக்குற வேலை எனக்கு, பார்சல் வரலைன்னு எழுதுறவங்களுக்கு சாட்ல பதில் சொல்லணும், இன்னைக்கு லீவு கேட்டேன், நாளைக்குத்தானே ஆபரேஷன் நாளைக்கு எடுத்துக்கோன்னுட்டாங்க. இந்தம்மாவோட மிக்ஸி ஜாரு வரலையாம். "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு தட்டிவிட்டேன். ஆமா, நாளைக்கு ஆபரேஷன். எங்கக்கா சுகந்திக்கு கழுத்துல கட்டி, தைராய்டு கட்டி, கோலிக்குண்டு அளவுக்கு, வெளிய பாத்தா தெரியாது, தண்ணி குடிக்கும்போது மட்டும் மேல ஏறி எறங்கும், நான் அதை பாக்காத மாதிரியே பாத்துக்கிட்டு இருப்பேன், அவ தண்ணி குடிக்கிற ஒவ்வொரு தடவையும். டாக்டரம்மா நல்லவங்கதான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, கட்டிக்கு ஒட்டினாப்புல குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு ஓடுதும்மா, நூல் மாதிரி இருக்கும், நாங்க பாத்துத்தான் எடுப்போம், ஆனாலும் குரல் கொஞ்சம் மாற வாய்ப்பிருக்கு, நீங்க என்ன வேலை பாக்குறீங்க? அக்கா ஒரு நிமிஷம் என்னயப் பாத்தா, அப்புறம் "பாடுறேன் மேடம்"னா, ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி. டாக்டரம்மா சிரிக்கிறத நிறுத்திட்டாங்க. அந்த நிறுத்தினதுதான் எனக்கு இப்ப வரைக்கும் நிக்க மாட்டேங்குது. நூல் மாதிரின்னா எந்த நூலு? பூ கட்டுற நூலா, தைக்கிற நூலா? இந்தா கீபோர்டுல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற இந்த ஒயரு, இது லேசா ஆடினாலே சத்தம் போயிருது, காலையில ரெண்டு தடவ போச்சு, புடுங்கி திருப்பிச் சொருகுனா வந்துருச்சு. நரம்ப அப்படிப் புடுங்கிச் சொருக முடியாதுல்ல. நெனைக்காதே. வேற நெனை.

வேற என்ன நெனைக்கிறது, இந்தப் பாட்ட நெனைக்கிறேன். அக்கா ஆர்கெஸ்ட்ராவுல பாடுறவ. மதுரைய சுத்தி எந்தக் கோயில் திருவிழா, எந்தக் கல்யாண வரவேற்புன்னாலும் மேடையில பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு ஒருத்தி நிப்பா பாருங்க, அது எங்கக்காதான். எல்லாமே சினிமாவுல அடுத்தவங்க பாடுன பாட்டு. ஜனம் கண்ண மூடிக்கிட்டு கேக்கும், கண்ணத் தெறந்தா இவ, அதுல ஒரு ஏமாத்தம் இருக்கும் அவங்க மூஞ்சில, அதை அக்காவே சொல்லிக் காட்டி சிரிப்பா. ஆனா இவளே கட்டுன பாட்டு ஒண்ணு இருக்கு. கச்சேரி முடிஞ்சு வேன்ல திரும்பி வரும்போது கட்டுனது. "மேடை விட்டு எறங்கி வந்தேன், யாரு என் பேரு கேட்டா? ஓடுற மரத்தக் கேட்டேன், அதுவும் திரும்பிப் பாத்ததா?" அவ்வளவுதான் பல்லவி. அந்த "கேட்டா" இருக்கே, அது மேல ஏறி, அங்க நின்னு, ஒரு சுத்து சுத்திட்டு எறங்கும், அந்த எடத்துல எனக்கு ஒவ்வொரு தடவையும் ராட்டினம் உச்சியில நிக்கிற மாதிரி இருக்கும். எங்கயும் பாடுனதில்ல, போன்ல கூட பதிஞ்சதில்ல, "பதிஞ்சா பழசாயிரும்"பா. டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்த அன்னைக்கு நான்தான் ஆரம்பிச்சேன். அக்கா, அந்தப் பாட்ட எடுத்துருவோம்க்கா, நானே வாசிக்கிறேன், நானே எடுக்குறேன், ஸ்டுடியோ வேணாம் ஒண்ணும் வேணாம், இப்பல்லாம் ஒரு கீபோர்டும் கம்ப்யூட்டரும் இருந்தா வீட்லயே அம்பது வயலின் வாசிக்கலாம்க்கா! அப்படி குதிச்சேன். எதுக்கு இப்ப எடுக்கணும்னு அவ கேக்கல, ஏன்னு நானும் சொல்லல.

எட்வின் அண்ணன்தான் கீபோர்டு குடுத்தாரு, அக்கா ட்ரூப்புல கீபோர்டு வாசிக்கிறவரு, இது அவரு வீட்ல ப்ராக்டிஸ் பண்றதுக்கு வச்சிருந்த சின்ன மிடி கீபோர்டு. வாங்கிட்டு வந்து நான் பண்ண அலப்பறை இருக்கே. துணியால தொடச்சு, ஒயர சொருகி, மொத கட்டைய அமுக்கினா சத்தமே வரல. அமுக்குறேன் அமுக்குறேன், ஊமை மாதிரி கெடக்கு. அப்பவே திக்குன்னு ஆச்சு, ஓசியில வாங்கிட்டு வந்து ஒடச்சுட்டேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, இதுக்குள்ள சத்தமே கெடையாது, ஸ்பீக்கரும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீ எந்தக் கட்டைய எவ்வளவு வேகமா அமுக்குனன்னு ஒரு சேதி மட்டும் ஒயர் வழியா அனுப்பும், சத்தம் போட வேண்டியது கம்ப்யூட்டரு. அது எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு, ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொன்னேன், அம்மாகிட்ட சொன்னேன், "அம்மா, இதுக்கு குரலே இல்லம்மா, சேதி மட்டும்தான்"ன்னேன், அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு, நிமிந்து பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிச்சு. குரலே இல்ல. நான்தான் சொல்லியிருக்கேன் அப்படி, எங்கம்மாகிட்ட, இந்த வீட்ல. வாயில என்னத்த வச்சிருக்கேன் நான்? அப்புறம் சாஃப்ட்வேர் எறக்கி, அதுல கீபோர்ட காட்டிக் குடுத்து, பியானோ சத்தத்த ஏத்தி, அமுக்குனா சத்தம் லேட்டா வருது, விரல எடுத்த பிறகு வருது, அது ஒரு மாதிரி பயமா இருந்துச்சு, வேற யாரோ நான் வாசிச்சதத் திருப்பி வாசிக்கிற மாதிரி. அதையும் தேடிப் பிடிச்சு, பஃபர்னு ஒண்ணு, அதைக் குறைச்சதும் விரலும் சத்தமும் ஒண்ணா வந்துச்சு. நான் கத்துன கத்துல அக்கா ஓடி வந்தா. "என்னடி, கரண்டு அடிச்சிருச்சா?" "இல்லக்கா, சேந்துருச்சு, சேந்துருச்சு!" "லூசு"ன்னு தலையில தட்டிட்டுப் போனா. அது நேத்து. நேத்து எவ்வளவு நல்லாருந்துச்சு.

அடுப்படியில கத்திச் சத்தம் கேக்குது, டக் டக்குன்னு, ஒரே தாளத்துல. நல்லது. வெட்டுறவரைக்கும் அழல. மிக்ஸி ஜார் அம்மா திருப்பி எழுதுறாங்க, பொறுமையெல்லாம் தீந்துருச்சு தம்பிங்கிறாங்க. நான் தம்பி இல்லைன்னு சொல்லல. உடைஞ்ச எடத்தைத் திருப்பிப் போட்டுக் கேக்கவா? கேக்கக் கூடாது. கேட்டேன். ஹெட்போன ஒரு காதுல மட்டும் வச்சு, சத்தத்தக் கொறச்சுக்கிட்டு, "யாரு என் பேரு"... வெறும் காத்து. மறுபடி. "யாரு என் பேரு"... காத்து. போன வாரம் கேமராவ மூக்கு வழியா விட்டுப் பாத்துட்டு குரல் நாண் ரெண்டு பக்கமும் நல்லா அசையுதுன்னு சொன்னாங்களே. போன வாரம் நல்லாருந்தது இந்த வாரத்துக்குள்ள போயிருமா? கட்டி ராத்திரியோட ராத்திரியா வளந்திருமா? கத்தியே படல, அதுக்குள்ள போயிருச்சுன்னா, அப்ப நாளைக்கு எதைக் காப்பாத்தப் போறாங்க? நாளையில இருந்து அக்கா யாரு? போன்ல பேசினா எடுக்குறவங்களுக்கு அடையாளம் தெரியுமா? என்னய "எருமை"ன்னு கூப்பிட்டா அது எந்தக் குரல்ல வரும்? இப்படி நெனச்சுக்கிட்டு இருக்கும்போது போன் அடிக்குது, எட்வின் அண்ணன். எடுக்கவா வேணாமான்னு யோசிச்சு எடுத்துட்டேன்.

"என்னம்மா மியூசிக் டைரக்டரு, பாட்டு முடிஞ்சிச்சா, ஆடியோ ரிலீஸ் எப்ப?" அண்ணன் எப்பவும் இப்படித்தான். "எடுத்துக்கிட்டு இருக்கோம்ண்ணே." "கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, மொறைக்கிறாளா உங்கக்கா?" "இல்லண்ணே, மேல போகும்போது கொஞ்சம்..." வாயில வரல, "கொஞ்சம் கஷ்டப்படுது"ன்னு முடிச்சேன். "யாருக்கு, சுகந்திக்கா? ரெண்டு கட்டையில அவளுக்கென்ன கஷ்டம், தூங்கிக்கிட்டே பாடுவாளே. நீ ஒண்ணும் நோண்டாதம்மா, நானே ரெண்டுல செட் பண்ணித்தான் குடுத்திருக்கேன், செவப்பா தெரியும் பாரு, நீ பேசாம சி-ல வாசி, சரியா வந்துரும்." சரிண்ணேன்னு சொல்லிட்டேன். போன வச்சுட்டு கீபோர்டையே பாத்தேன். மேல் ஓரத்துல தீப்பெட்டி அளவு ஜன்னல். அதுக்குள்ள செவப்பா ஒரு 2. முதல் நாள்ல இருந்து பாக்குறேன், இவ்வளவு சின்ன கீபோர்டுல கட்டைய மாத்துற வசதி இருக்கும்னு தெரியாம ஏதோ சேனல் நம்பர்னு நெனச்சிருந்தேன். தெரியாதவங்களுக்கு சொல்லிர்றேன், எனக்கு சி-யில மட்டும்தான் வாசிக்க வரும், நாங்க அதை ஒரு கட்டைம்போம், டி-ன்னா ரெண்டு கட்டை, நடுவுல இருக்கிற கறுப்பு ஒன்றரை. பாடுறவங்களுக்கு எது தோதோ அந்தக் கட்டைக்கு சத்தத்த மட்டும் தள்ளி வச்சுக்கிட்டு விரல சி-யிலயே ஓட்டுறதுதான் எங்க பொழப்பு, எட்வின் அண்ணன்கிட்ட படிச்சவங்க எல்லாம் அப்படித்தான். அக்காவுக்கு இந்தப் பாட்டு ரெண்டு கட்டை. அதனால நான் சாஃப்ட்வேர்ல ரெண்டு படி தள்ளி வச்சேன், ஒரு படின்னா அரைக் கட்டை. அண்ணன் கீபோர்டுல ஏற்கெனவே ரெண்டு படி தள்ளி வச்சிருக்காரு. ரெண்டும் சேந்து நாலு படி. அக்கா மூணு கட்டையில பாடியிருக்கா! ஒரு முழுக்கட்டை ஒசரத்துல! உடையாம என்ன செய்யும்? எந்தத் தொண்டையா இருந்தாலும் உடையும்!

எந்திரிச்சுட்டேன். அக்கான்னு கத்த வாயத் தெறந்துட்டேன். சாஃப்ட்வேர்ல இருந்த ரெண்ட சைபராக்கிட்டேன், இப்ப சரியா ரெண்டு கட்டை, கூப்பிட வேண்டியதுதான் பாக்கி, அந்த நேரத்துலதான் அந்த நெனப்பு வந்துச்சு. இப்ப கூப்பிட்டு, இப்ப பாடி, இப்பவும் உடைஞ்சா? இது வரைக்கும் மெஷின் தப்பு. மெஷின் தப்பா இருக்கிற வரைக்கும் அக்கா தொண்டை பத்திரம். சரி பண்ணிட்டேன்னா பழி போட எடமே இல்ல. மறுபடி உக்காந்துட்டேன். சைபர மறுபடி ரெண்டாக்கிரலாமான்னு ஒரு நிமிஷம், சத்தியமா, மவுச அங்க கொண்டு போயிட்டேன். அப்புறம் யோசிச்சேன், மூணு கட்டைன்னு அக்காவுக்கு ஏன் தெரியல? அதுதான் பெரிய சந்தேகம், அதுதான் முள்ளு மாதிரி நிக்குது. அவளுக்குத் தெரியாம இருக்காது. ஒரு தடவ மேலூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில கரண்டு போய் மொத்த ட்ரூப்பும் செத்துப்போச்சு, இவ மட்டும் நிறுத்தாம வெறும் தொண்டையில பாடிக்கிட்டே இருந்தா, ஜெனரேட்டர் வந்து எட்வின் அண்ணன் கீபோர்ட அமுக்குனா அப்படியே பொருந்தி நிக்குது, இம்மி பிசகல. அதுல இருந்து ட்ரூப்புல இவ பேரு "கட்டை கம்பெனி". கேலிதான், ஆனா பந்தயம் வச்சு ஜெயிப்பாங்க இவள வச்சு, டீக்கடையில உக்காந்து ரெண்டு எடும்பாங்க, எடுப்பா, போன்ல சரி பாப்பாங்க, ரெண்டுதான். அப்படிப்பட்டவ மூணுல நிக்கிறோம்னு தெரியாமயா நின்னா? பயம் காத அடைச்சிருமா? இல்ல ஒசரமா இருக்குன்னு தெரிஞ்சும், தன் தொண்டைதான் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டாளா? ஒரு மாசமா எல்லாரும் அவ தொண்டையவே பாத்துக்கிட்டு இருந்தோம். வேற எதுமேல அவ சந்தேகப்படுவா?

கத்திச் சத்தம் நின்னுருச்சு. எப்ப நின்னுச்சு? குழாய் தெறந்திருக்கு. தண்ணி கொட்டுற சத்தம், பாத்திரத்துல இல்ல, சிங்க்குல சும்மா கொட்டுது, வீணா. எங்க வீட்ல தண்ணிய வீணாக்குனா கத்துறதே இவதான், நான் பல்லு தேய்க்கும்போது குழாய மூடலைன்னா வெளிய இருந்து கதவ இடிப்பா. இப்ப அவளே தெறந்து விட்டிருக்கா. எந்திரிச்சு, செருப்பில்லாம, சத்தமில்லாம நடைக்குப் போனேன். தண்ணிச் சத்தத்துக்கு அடியில அக்கா குரல். மெதுவா. முனகுற மாதிரி. நான் கேக்கக் கூடாதுன்னுதான் குழாயத் தெறந்து விட்டிருக்கா. "மேடை விட்டு எறங்கி வந்தேன்"... நான் சுவத்தோட ஒட்டி நின்னுக்கிட்டேன். "யாரு என் பேரு"... ஏறுது... ஏறிருச்சு. நின்னுச்சு. ஒரு சுத்து சுத்திட்டு எறங்குச்சு. இருக்கு! குரல் இருக்கு! சின்னதா, தண்ணிக்கு அடியில, ஆனா முழுசா! பாட்ட விடாம மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சா, நான் ஓடி வந்து ஹெட்போன ஒரு காதுல வச்சுக்கிட்டு, ஒரு காத அடுப்படிப் பக்கம் வச்சுக்கிட்டு, என் ச-வ, அந்த சி கட்டைய, அமுக்குனேன், இப்ப அது ரெண்டு கட்டை, அவ ரெண்டுலதான் எடுத்திருப்பா, எப்பவும் அங்கதான் எடுப்பா. ஒட்டல. ரெண்டு சத்தமும் பக்கத்துல பக்கத்துல நின்னு உரசுது, பல்லு கூசுற மாதிரி. தண்ணிச் சத்தத்துல எனக்குத்தான் காது சரியாக் கேக்கலையோ? மறுபடி அமுக்குனேன். உரசுது. அதுக்குக் கீழ ஒட்டி இருக்கிற கட்டைய அமுக்குனேன், வேணாம் வேணாம்னு நெனச்சுக்கிட்டே. ஒட்டிருச்சு. அப்படியே ஒட்டிருச்சு.

ஒன்றரை. அரைக் கட்டை எறங்கியிருக்கா. அரைக் கட்டை ஒண்ணும் பெரிசில்ல. சளி பிடிச்சா யாரும் எறங்குவாங்க. யாரும் எறங்குவாங்க, இவ எறங்க மாட்டா. மூணுல உடைஞ்ச பயத்துல தன்னால எறங்கிருச்சா, இல்ல கட்டி எறக்கிவிட்டுருச்சா? எறங்குனது அவளுக்குத் தெரியுமா? டாக்டரம்மாவுக்கு சொல்லணுமா? சொன்னா என்ன சொல்வாங்க, சிரிக்கிறத நிறுத்துவாங்களா? மிக்ஸி ஜார் அம்மா, "ஹலோ இருக்கீங்களா"ன்னு கேக்குறாங்க. இருக்கேன். உங்கள் பொறுமைக்கு நன்றி. கீபோர்டு ஜன்னல்ல அந்தச் செவப்பு ரெண்டு என்னயவே பாக்குது. பக்கத்துல கழித்தல் பட்டன். விரல அது மேல வச்சேன், அமுக்கல. இதை அமுக்குனா அக்காகிட்ட பொய். அமுக்காம ரெண்டுலயே கூப்பிட்டா, மேல போகும்போது... அந்தக் காத்து. அந்தக் காத்த அவ இன்னொரு தடவ கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா? மயக்க ஊசி போடும்போது காதுல அதுதானே இருக்கும்? அமுக்கிட்டேன். செவப்பு 1.

"அக்கா!" குழாய் டக்குன்னு மூடிருச்சு. "என்னடி." "மெஷின் தப்புக்கா! எட்வின் அண்ணன் கீபோர்டுல ரெண்டு வச்சுக் குடுத்திருக்காரு, எனக்குத் தெரியாம நானும் கம்ப்யூட்டர்ல ரெண்டு வச்சுட்டேன், நீ மூணுல பாடியிருக்க!" வாசல்ல வந்து நின்னா, கையில முருங்கக்காய் நார் ஒட்டிக்கிட்டு இருக்கு. "மூணுலயா?" "மூணுலக்கா." "மூணுல அது வரைக்கும் ஏறுனேனாடி நானு?" மூஞ்சி மலர்ந்துருச்சு, சிரிக்க ஆரம்பிச்சா, அப்படி ஒரு சிரிப்பு, கதவப் பிடிச்சுக்கிட்டு. "அடிப்பாவி எருமை, ஆபரேஷனுக்கு முன்னாடி நீயே முடிச்சு விட்டிருப்பியேடி! அந்த எட்வினுக்கு இருக்கு, வந்து வச்சுக்கிறேன்." கைய நைட்டியில தொடச்சுக்கிட்டு வந்து ஹெட்போன மாட்டுனா. "இப்ப ரெண்டுதானே?" "ரெண்டுதான்க்கா." "ம். போடு." போட்டேன். பச்சைக் கோடு நகருது. என் விரல் சி-யில, சத்தம் ஒன்றரையில. எடுத்தா. முதல் சொல்லுலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு, குரல் ஒன்றரையில அப்படியே போய் உக்காந்துக்கிச்சு, தேடவே இல்ல, சறுக்கவே இல்ல, ரெண்டு கட்டையில எடுக்கிற ஆளா இருந்தா முதல் சொல்லுல லேசா ஒரு தடுமாத்தம் இருக்கணும், "என்னடி இது கீழ இருக்கு"ன்னு கைய ஆட்டணும். கண்ண மூடிக்கிட்டா. "யாரு என் பேரு"... என் கையெல்லாம் வேர்வை, கட்டை வழுக்குது, வழுக்கித் தப்பா அமுக்கிட்டா என்ன ஆகும்... "கேட்டா?" போய் நின்னுச்சு. உச்சியில. சுத்துனா, ஒரு சுத்து வழக்கம்போல, அப்புறம் யாரும் கேக்காமலே இன்னொரு சுத்து, எறங்க மனசில்லாத மாதிரி, அப்புறம் எறங்குனா. எனக்கு அந்த ராட்டினம் உச்சியிலயே நின்னுருச்சு, எறங்கவே இல்ல. பாட்டு முடிஞ்சுச்சு. அப்புறம் அக்கா ஹெட்போனக் கழட்டிட்டு, "நல்லா வந்துச்சுல்ல?"ன்னா. "சூப்பரா வந்துச்சுக்கா." "அதே மாதிரி இருந்துச்சுல்ல?" "அதே மாதிரிதான்க்கா." ஹெட்போன் ஒயரச் சுருட்டி மேசை ஓரமா வச்சா. "அதை நல்லா பத்திரமா வையி, அழிச்சுத் தொலைச்சுராத"ன்னு சொல்லிட்டு, என் தலையில கைய வச்சு, தட்டாம, சும்மா வச்சு எடுத்துட்டு, முருங்கக்கா வெட்டப் போயிட்டா.

கத்திச் சத்தம் மறுபடி கேக்குது. அதே தாளம். பாட்ட மூணு எடத்துல சேத்து வச்சுட்டேன், கம்ப்யூட்டர்ல, போன்ல, எட்வின் அண்ணனுக்கும் அனுப்பிட்டேன். அனுப்பின பிறகுதான் ஒறைக்குது, அவரு போட்டதும் கண்டுபிடிச்சிருவாரு. "அண்ணே, கட்டையப் பத்தி அக்காகிட்ட எதுவும் கேக்காதீங்க"ன்னு மெசேஜ் போட்டேன். படிச்சுட்டாருன்னு ரெண்டு நீல டிக் விழுந்துருச்சு, பதில் இல்ல, எப்பவும் கேலி பண்றவரு. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பயம். அந்த நம்பரு. செவப்பா, பளிச்சுன்னு, அக்காவுக்குத் தெரியுற எடத்துலதான் இருந்துச்சு. மேடையில எட்வின் அண்ணன் பக்கத்துலயே நிக்கிறவ, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி திரும்பி அவரு கீபோர்டுல அந்த நம்பரப் பாத்துட்டுத்தான் மைக்கப் பிடிப்பா, அவளுக்குப் பழக்கமே அதுதான். இன்னைக்கு வந்து நின்னதுல இருந்து அடுப்படிக்குத் திரும்பிப் போற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஒரு தடவகூட. ரெண்டுதானேன்னு என்னயத்தான் கேட்டா. அம்மா வந்துருச்சு, கீழ கேட்டு தெறக்குற சத்தம் கேக்குது, நான் மூஞ்சி கழுவணும். இதைப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், உங்க வீட்லயும் இப்படி நடந்திருக்கா? பாடுறவங்களுக்குத் தெரியாம நீங்களும் எப்பவாவது அரைக் கட்டை எறக்கி வச்சிருக்கீங்களா? அவங்க அந்த நம்பரப் பாத்தாங்களா?